குணமா, கோளாறா? புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லேப்டாப் வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, "தொட்டா ஷாக் அடிக்குது", "சார்ஜ் எண்பதோட நிக்குது", "திடீர்னு ஸ்கிரீன் அணைஞ்சு போகுது" என்று யாராவது பையோடு வந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பல வருடங்களாக இப்படி வந்த லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனவையே அல்ல. அந்த இயந்திரம் அப்படித்தான் நடந்துகொள்ளும், அது அதன் குணம், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் கடைக்குப் போய் ஃபார்மட் பண்ணி, எடுத்து வைத்திருந்த படங்களையெல்லாம் இழந்து, பணமும் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. விண்டோஸ் லேப்டாப்பை வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் மின்சாரம், பேட்டரி, சூடு பற்றிச் சொல்வது எந்த லேப்டாப்புக்கும் பொருந்தும்.

என்ன தொந்தரவு வந்தாலும் இந்த வரிசையில் போங்கள். முதலில் வெளியே செருகியிருக்கிற மவுஸ், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அடுத்து சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள், பிறகு சார்ஜரோடு. மூன்றாவது ரீஸ்டார்ட். ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணினால் அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது போட்டிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி ஆன் பண்ணும்போது அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும், அதனால் பழைய சிக்கலும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இந்த மூன்றும் செய்தும் சரியாகவில்லை என்றால் கீழே உள்ளதைப் பாருங்கள். ஆனால் ஆபத்தான ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி உப்பியிருக்கிறதா?

லேப்டாப்பை அணைத்து, மூடி, சமையலறை கிரானைட் மேடை மாதிரி நல்ல சமமான இடத்தில் வையுங்கள். நான்கு மூலையிலும் விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா? டச்பேட் ஒரு ஓரத்தில் மேலே எழும்பியிருக்கிறதா, அல்லது கிளிக் பண்ணினால் அமுங்காமல் கல் மாதிரி இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் லேப்டாப்பில் டச்பேட் கிளிக் ஆகவில்லை என்று அதை இயக்குகிற டிரைவர் மென்பொருளை மூன்று முறை அழித்துப் போட்டிருக்கிறார்கள். நான் மேசையில் வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது, அடிப்பக்க மூடி நடுவில் இட்லி மாதிரி புடைத்திருந்தது. பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழேதான் இருக்கும், அதனால்தான் முதல் அறிகுறி அங்கே தெரிகிறது.

லித்தியம் பேட்டரி பழசாகும்போதும் அதிகச் சூட்டிலேயே கிடக்கும்போதும் உள்ளே வாயு உண்டாகும், அது வெளியே போக வழியில்லாமல் உறை உப்பும். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும். மெத்தை, துணி, பேப்பர் இல்லாத இடத்தில் வைத்து, அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள். கழற்றிய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவு எடுத்துக்கொள்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

சார்ஜ் எண்பதோடு நின்றால்

இது கோளாறு இல்லை, நல்லது. நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்திருக்கிற லேப்டாப்பில் பேட்டரி எப்போதும் 100 சதவீதத்தில், அதுவும் சூட்டில் இருந்தால் சீக்கிரம் தேயும். அதனால் பல கம்பெனிகள் 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துகிற ஒரு வசதியை வைத்திருக்கிறார்கள். லேப்டாப்போடு வந்த கம்பெனி மென்பொருளைத் திறந்து பேட்டரி பகுதியைப் பாருங்கள், அங்கே அது போட்டிருக்கும். வெளியூர் போகிற அன்றைக்கு மட்டும் எடுத்துவிட்டு முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்து வேலை செய்கிறவர்கள் அதைப் போட்டே வைத்திருப்பதுதான் என் யோசனை.

தொட்டால் விர்ரென்று இழுப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் பேர் பயந்துபோய்க் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலோக உடம்பு உள்ள லேப்டாப்பை சார்ஜில் போட்டுக்கொண்டு, விரல் நுனியால் மூடியின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். மேற்பரப்பு சொரசொரவென்று, ஏதோ அதிர்வது மாதிரி தோன்றும். சார்ஜரைப் பிடுங்கியதும் அதே இடம் வழவழவென்று ஆகிவிடும். தரையில் வெறுங்காலோடு இருந்தால் மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும்.

காரணம் சார்ஜருக்குள் இருக்கிறது. 230 வோல்ட்டை 20 வோல்ட் அளவுக்குக் குறைக்க அது மின்சாரத்தை ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை அணைத்து அணைத்துப் போடுகிறது. அதில் உண்டாகும் மின் இரைச்சல் வெளியே போகாமல் இருக்க, மெயின் பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் இணைத்து ஒரு சின்ன கப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிக மிகச் சின்ன அளவு மின்சாரம் உலோக உடம்புக்கு வந்துகொண்டே இருக்கும். மூன்று முள் ப்ளக் என்றால் அது எர்த் வழியாக இறங்கிப் போய்விடும். எர்த் இல்லை என்றால், நீங்கள் தொடும்போது உங்கள் வழியாக இறங்கும். டெஸ்டர் வைத்தால் எரியும், மல்டிமீட்டரில் 100 வோல்ட் பக்கம்கூடக் காட்டும், பார்த்ததும் தூக்கிவாரிப்போடும். ஆனால் அந்த வோல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான்.

அதற்காகச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் ப்ளக்கைப் பாருங்கள். இரண்டு முள் என்றால் அது அந்தச் சார்ஜரின் குணம். அதே கம்பெனியில் மூன்று முள் கயிறு கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். மூன்று முள் ப்ளக்காக இருந்தும் இழுக்கிறது என்றால் வீட்டு எர்த் மீதுதான் சந்தேகம். நம் ஊர் ப்ளக்கில் மேலே இருக்கிற பருத்த, நீளமான முள்தான் எர்த், செருகும்போது அது முதலில் தொட வேண்டும் என்றுதான் நீளமாகச் செய்திருக்கிறார்கள். சுவரில் அதற்கு ஓட்டை இருக்கும், பின்னால் கம்பியே இருக்காது, பழைய வீடுகளில் இது சாதாரணம். மூன்று முள்ளை இரண்டு முள்ளாக்குகிற அடாப்டர் நடுவில் இருந்தாலும் எர்த் அங்கேயே அறுந்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருக்கிற வீடு என்றால், கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும், அந்தக் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். லேப்டாப்புக்காகச் செய்தாலும் வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு அது.

இன்னொன்று, விர்ரென்று இழுப்பது வேறு, வெடுக்கென்று கையை உதறவைப்பது வேறு. உதறவைத்தால், சார்ஜர் உடைந்திருந்தால், கயிறு பிய்ந்து உள்ளே கம்பி தெரிந்தால், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ப்ளக்கைக் கழற்ற வேண்டும், அந்தச் சார்ஜரை மறுபடி தொடவே கூடாது.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் அம்புக்குறி தானாகத் துள்ளுகிறது, டச்பேட் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றால் அதற்கும் பெரும்பாலும் இதே எர்த் இல்லாத நிலைதான் காரணம், அல்லது மலிவான மாற்றுச் சார்ஜர். டச்பேட் உங்கள் விரலின் மின் தன்மையை வைத்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது, அதில் இரைச்சல் கலந்தால் குழம்பிவிடும். சார்ஜரைக் கழற்றியதும் சரியானால் டச்பேடை மாற்ற வேண்டியதில்லை.

ஆன் ஆகவே இல்லை என்றால்

சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாமல் நேராகச் சுவர் பிளக் பாயிண்டில் போட்டு, லேப்டாப் ஓரத்தில் சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேட்டரி முழுசாக வற்றியிருந்தால் உடனே உயிர் வராது, ஒரு இருபது நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையா? சார்ஜர் உட்பட எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி வெளியே கழற்றக்கூடிய மாதிரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பொத்தானை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் விட்டுவிட்டு அழுத்தக் கூடாது, மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். பிறகு பேட்டரியைப் போட்டு, சார்ஜரைச் செருகி, சாதாரணமாக ஆன் பண்ணுங்கள். மந்திரம் மாதிரி இருந்தாலும் காரணம் உண்டு. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் உள்ளே ஒரு சின்ன சிப் விழித்தே இருக்கும், பவர் பொத்தான், சார்ஜ், விசிறி, கீபோர்டு இவற்றை அதுதான் கவனிக்கிறது. அது சிக்கி நின்றுவிட்டால் பொத்தானை அழுத்தியும் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படிப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்தோ, அந்தச் சிப் ரீசெட் ஆகியோ புதிதாக எழுந்திருக்கும். செத்துப்போனது என்று கொண்டுவந்த பல லேப்டாப்புகள் இதிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

விசிறி சுற்றுகிறது, கீபோர்டில் வெளிச்சம் வருகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அது வேறு கதை. விண்டோஸ் பொத்தான், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி இந்த நான்கையும் சேர்த்து ஒரு முறை அழுத்துங்கள், திரைக்கான டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். பலனில்லை என்றால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு மட்டும்தான் போயிருக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள், அங்கே படம் வந்தால் மதர்போர்டு, அதாவது உள்ளே இருக்கிற முக்கிய மின்பலகை, நன்றாகவே இருக்கிறது. இதைக் கடையில் முதலிலேயே சொல்லிவிட்டால் மதர்போர்டு போச்சு என்ற பேச்சே வராது. மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் மட்டும் படம் நடுங்குகிறது என்றால், கீல் வழியாகப் போகிற கேபிள் நைந்திருக்கும்.

பீப் பீப் என்று சத்தம் வந்தாலோ, விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ எத்தனை முறை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பாகத்தில் கோளாறு என்று அந்த எண்ணிக்கைதான் சொல்லும். பெரும்பாலும் ராம், அதாவது தற்காலிக நினைவகப் பட்டை. பழைய லேப்டாப்பில் அடிமூடியைத் திறந்தால் ராம் தெரியும். பேட்டரி இணைப்பை எடுத்த பிறகு மட்டும் ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, சாய்வாகச் செருகி டக்கென்று சத்தம் கேட்கும்வரை அமுக்குங்கள். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே இது நடக்காது. புது டிடிஆர்5 ராம் போட்ட பிறகு முதல் தடவை ஆன் பண்ணினால் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ திரை கறுப்பாகவே இருக்கும், அது ராமை அளந்து பழகிக்கொண்டிருக்கிறது, பொறுமையாக விட்டுவிடுங்கள்.

விரல் தெரியாமல் பட்டதால் வருகிறவை

கே அடித்தால் 2 வருகிறது, ஓ அடித்தால் 6 வருகிறது என்றால் கீபோர்டு கெடவில்லை. தனி எண் பகுதி இல்லாத சில கீபோர்டுகளில் நம் லாக் (Num Lock) விழுந்துவிட்டால் வலது பக்க எழுத்துகள் எண்களாக மாறிவிடும், எஃப்என் பொத்தானோடு நம் லாக்கை அழுத்தி எடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால்தான் விழுகிறதா? வலது ஷிஃப்டை எட்டு நொடி அழுத்தியிருப்பீர்கள், சட்டென்று அழுத்துவதைக் கண்டுகொள்ளாத ஃபில்டர் கீஸ் என்ற வசதி வந்திருக்கும். எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்காமல் வெளிச்சமோ சத்தமோ மாறுகிறது என்றால் பல லேப்டாப்களில் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் மாறிவிடும். டச்பேட் திடீரென்று வேலை செய்யவில்லை, வைஃபை காணவில்லை, கேமராவில் இருட்டு, இந்த மூன்றுக்கும் மேல்வரிசைப் பொத்தான்களில் இருக்கிற சின்னப் படங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கேமராவுக்கு மேலே நகக்கண் அளவு தள்ளுகிற மூடியும் இருக்கலாம்.

ஒரு மாணவிக்கு டைப் பண்ணும்போது மட்டும் திரை அணைந்து அணைந்து வந்தது, எழுதுவதை நிறுத்தினால் நன்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் கையில் காந்தத்தால் மூடுகிற வாட்ச் ஸ்ட்ராப். லேப்டாப் மூடியில் ஒரு காந்தமும், கைவைக்கும் பகுதியில் அதை உணர்கிற ஒரு சென்சாரும் இருக்கும், மூடி மூடிவிட்டது என்று அதை வைத்துத்தான் லேப்டாப் புரிந்துகொள்ளும். வாட்ச் அந்த இடத்துக்கு நேராக வரும்போதெல்லாம் லேப்டாப் தூங்கப் போயிருக்கிறது. காந்த ஃபோன் கவரை அங்கே வைத்தாலும் இதே கதி. மூடியிருக்கிற இன்னொரு லேப்டாப்பின் மேல் இதை வைத்து வேலை செய்தாலும் நடக்கும்.

சூடும் சத்தமும்

மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று உறிஞ்சுகிற வழி அடைபடும். பிராசசர் 95, 100 டிகிரி பக்கம் போனதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் அதை லேப்டாப் ஸ்லோ என்பீர்கள். ஒரு கெட்டி அட்டையோ பரீட்சை பேடோ அடியில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். வருடத்துக்கு ஒரு முறையாவது தூசி எடுக்க வேண்டும். விசிறிக்கும் அது காற்று தள்ளுகிற உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். காற்று அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும்.

மூடிப் பையில் வைத்த லேப்டாப், எடுக்கும்போது இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறதா? புது லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கம் அல்ல, செல்போன் மாதிரி அரைத் தூக்கம். நெட் இணைப்பு, அப்டேட் என்று நடுவில் விழித்துக்கொள்ளும், பைக்குள் காற்றும் இல்லை. பயணம் போகும்போது ஹைபர்னேட் (திறந்திருக்கிற வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) அல்லது ஷட் டவுன் கொடுத்துவிட்டு வையுங்கள். இரவில் அமைதியாக இருக்கும்போது கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டால், பக்கத்தை உருட்டும்போது அது மாறிக்கொண்டே இருந்தால், அது மின்சுருள்கள் அதிர்வது. கெடுதல் எதுவும் இல்லை.

சார்ஜர், யூஎஸ்பி பற்றிச் சில

ஆன் பண்ணும்போது அடாப்டர் எது என்று தெரியவில்லை என்கிற மாதிரி எச்சரிக்கை வந்து, சார்ஜும் ஏறாமல் லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடினால் ஃபார்மட் பண்ண ஓடாதீர்கள். சில கம்பெனிகளின் வட்ட முனைச் சார்ஜருக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு முள் இருக்கும், நான் இத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்த முள்தான். அது வளைந்தாலோ, மாற்றுச் சார்ஜரில் அந்த ஏற்பாடே இல்லாவிட்டாலோ லேப்டாப் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேறு ஒருவரின் அசல் சார்ஜரைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

யூஎஸ்பி சி துளை எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. சிலதில் சார்ஜ் ஏறும், சிலதில் டேட்டா மட்டும்தான், பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். கேபிளும் அப்படித்தான், சாதாரண சி டு சி கேபிள் 60 வாட் வரைக்கும்தான், 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வாங்க வேண்டும். வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் அதன் ரிசீவரை, வேலை செய்துகொண்டிருக்கிற யூஎஸ்பி 3 டிஸ்குக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யூஎஸ்பி 3 போடுகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும், இன்டெல் 2012ல் இதைப் பற்றி ஆவணமே வெளியிட்டிருக்கிறது. லேப்டாப்பின் மறுபக்கத் துளைக்கு மாற்றினால் போதும்.

512 ஜிபி டிஸ்க் 476 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போய், பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் எச்சரிக்கை காட்டினால், உள்ளே இருக்கிற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றச் செலவு குறைவுதான்.

கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால்

முடிந்தால் முதலில் கோப்புகளை வெளி டிஸ்கில் எடுத்துவிடுங்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று தெரிவதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொந்தரவு எப்போது வருகிறது, சார்ஜில் மட்டுமா, மூடியை அசைத்தால் மட்டுமா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், பிட்லாக்கர் சாவி. பிட்லாக்கர் என்பது டிஸ்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கடையில் மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்டு ஒரு நீலத் திரை வரும், அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பாருங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால் பிரயோசனமில்லை. ஒரு தாளில் எழுதி, எட்டு வரிசையாக ஆறு ஆறு இலக்கமாகச் சரிபார்த்து, ரேஷன் கார்டு வைத்திருக்கிற அந்த ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.